கீழ்வீட்டுத் தம்பதியின் தனிக்குடித்தனம்

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1979 மார்ச் 13 அன்று தொடங்கி, 1980 மே 22 அன்று முடிந்துபோனது ‘தி ரோப்பர்ஸ்’ என்ற நகைச்சுவைத் தொடர். மொத்தமே 28 பகுதிகள். வேறொரு தொடரில் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்து, நாலு வார்த்தை பேசிவிட்டுப் போய்க்கொண்டிருந்த வீட்டுக்காரரையும் அவர் மனைவியையும் பிரித்தெடுத்து, அவர்களுக்கென்று ஒரு வீடு, ஒரு தெரு, வாரத்தில் அரை மணி நேரம் என்று ஒதுக்கிக் கொடுத்தது ஏபிசி நிறுவனம். இப்படித் தாய்த்தொடரிலிருந்து ஒரு துணைப் பாத்திரத்தை வெளியே கூட்டிவந்து நடத்தும் தொடரை அங்கே ‘ஸ்பின்-ஆஃப்’ என்கிறார்கள். நாம் கிளைத்தொடர் என்று வைத்துக்கொள்ளலாம். அற்பாயுளில் போன கிளைத்தொடர்கள் அந்த நாட்டில் நிறைய. ‘ஃப்ரெண்ட்ஸ்’ முடிந்ததும் வந்த ‘ஜோயி’ இரண்டாம் ஆண்டைத் தாண்டவில்லை என்பது நம் வாசகர்கள் பலருக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் ரோப்பர் தம்பதியின் கதைதான் என்னை விடாமல் இழுக்கிறது. அதே தம்பதி, அதே மாதிரிப் பக்கத்து வீட்டுக்காரர், கிட்டத்தட்ட அதே முகவரி. இங்கிலாந்தில் அது பெருவெற்றி. அமெரிக்காவில் ஓராண்டுச் சங்கதி. ஒரு துணைப் பாத்திரம் தனியாகப் பிழைக்க என்ன வேண்டும் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறு கதை எனக்குத் தெரியாது.

அவர்கள் பிறந்தது லண்டனில். 1973 ஆகஸ்டில் தேம்ஸ் டெலிவிஷன் நிறுவனம் ‘மேன் அபௌட் தி ஹவுஸ்’ என்ற தொடரைத் தொடங்கியது. எழுதியவர்கள் ஜானி மார்ட்டிமரும் பிரையன் குக்கும். ஏர்ல்ஸ் கோர்ட் பகுதியில் ஒரு மாடிவீட்டில் இளம்பெண்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். கூட இருந்த ஒருத்தி காலி செய்துவிட்டுப் போகிறாள். அவளுக்கு விருந்து வைத்து வழியனுப்பிய மறுநாள் காலையில் பார்த்தால், குளியல் தொட்டிக்குள் முன்பின் தெரியாத இளைஞன் ஒருவன் தூங்கிக்கொண்டிருக்கிறான். சமையல்கலை படிக்கிறவன். மிச்சமுள்ள இரண்டு பெண்களுக்கும் சமைக்க வராது. வாடகைக்கும் ஆள் வேண்டும். இருந்துவிட்டுப் போகட்டும் என்று முடிவு செய்கிறார்கள். கல்யாணமாகாத ஆணும் பெண்களும் ஒரே வீட்டில் இருந்தால் வீட்டுக்காரர் ஒப்ப மாட்டாரே? அவன் ஆண்களை நாடுகிறவன், அவனால் பெண்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை என்று அவரிடம் ஒரு கதை சொல்லிவைக்கிறார்கள்.

அந்த வீட்டுக்காரர்தான் ஜார்ஜ் ரோப்பர். மனைவி மில்ட்ரெட்டோடு கீழ்வீட்டில் இருக்கிறார். வேலைவெட்டி கிடையாது, கைவிட்டுக் காசு வராது, நாற்காலியை விட்டு எழுந்திருக்க மனம் வராது. மில்ட்ரெட் அவருக்கு நேரெதிர். உடை, நகை, முடி எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும். நாலு பேர் மதிக்க வாழ வேண்டும். கணவன் தன்னைத் தொட்டுப் பேச வேண்டும். இந்த மூன்றில் கடைசி இரண்டும் அவளுக்குக் கிடைப்பதில்லை. ஜார்ஜாக பிரையன் மர்ஃபியும் மில்ட்ரெட்டாக யூத்தா ஜாய்ஸும் நடித்தார்கள். கிழக்கு லண்டனில் ஜோன் லிட்டில்வுட் நடத்திய தியேட்டர் வொர்க்‌ஷாப் என்ற நாடகக் குழுவில் இருவருமே தேர்ந்தவர்கள். உழைக்கும் மக்களின் பேச்சையும் நடையையும் மேடைக்குக் கொண்டுவந்த குழு அது. ஒருவர் மூச்சு விடும் இடம் மற்றவருக்குத் தெரியும் என்கிற அளவுக்குப் பழகிய நடிகர்கள். அதனால்தான், ஒரு காட்சியில் இரண்டு நிமிடமே வந்தாலும், இருபது வருஷக் கல்யாணம் ஒன்று அறைக்குள் நுழைந்த மாதிரி இருந்தது.

1976 ஏப்ரலில் அந்தத் தொடர் 39 பகுதிகளோடு முடிந்தது. முடிந்த பிறகுதான் கிளைகள் விட்டன. அதே ஆண்டு செப்டம்பரில் ‘ஜார்ஜ் அண்ட் மில்ட்ரெட்’ வந்தது. அடுத்த ஜனவரியில் அந்தச் சமையல்கார இளைஞனை வைத்து ‘ராபின்ஸ் நெஸ்ட்’ வந்தது. இரண்டுமே நன்றாக ஓடின. ஜார்ஜும் மில்ட்ரெட்டும் இருந்த பழைய வீட்டை நகராட்சி கட்டாயமாகக் கையகப்படுத்திக்கொள்ள, அவர்கள் ஹாம்ப்டன் விக் என்ற வசதியானவர்களின் புறநகருக்குக் குடிபோகிறார்கள். முகவரி 46, பீக்காக் கிரெசன்ட். பக்கத்து வீட்டில் ஜெஃப்ரி ஃபோர்மைல் என்ற வீட்டுமனைத் தரகர், அவர் மனைவி, சின்னப் பையன் ஒருவன். அந்தத் தரகருக்குத் தன் தெருவின் கௌரவம் உயிர். பழைய மோட்டார் சைக்கிளோடு ஒரு சோம்பேறி வந்து பக்கத்தில் குடியேறியதை அவரால் தாங்க முடிவதில்லை. அவருடைய பையனுக்கோ அந்தச் சோம்பேறியைத்தான் மிகவும் பிடிக்கிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீடு மாறியதும் மில்ட்ரெட்டின் ஆசை பெரிதாகிவிட்டது. மாடியில் குடியிருந்த பிள்ளைகளின் ரகசியத்துக்காக அவள் படைக்கப்பட்டிருந்தாலும், அவளுக்குள் வேறொரு கதை முன்பே இருந்தது. மேலே போக வேண்டும் என்று தவிக்கும் பெண், கீழே இருப்பதே சுகம் என்று கிடக்கும் ஆண். வர்க்கம் என்பது பேச்சிலும் தேநீர்க் கோப்பையிலும் திரைச்சீலையிலும் தெரிந்துவிடுகிற அந்த நாட்டில் இதற்கு முடிவே கிடையாது. மார்ட்டிமரும் குக்குமே எல்லாப் பகுதிகளையும் எழுதினார்கள். ஒரு பருவத்துக்குப் பத்துக்கு மேல் போகாது. நிதானமாக எழுதி, நான்கு ஆண்டுகளில் 38 பகுதிகள் செய்தார்கள்.

அட்லாண்டிக்கைத் தாண்டுவது அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை. அமெரிக்கப் பதிப்பின் முதல் முன்னோட்டப் பகுதியை 1976இல் எழுதியவர் லாரி கெல்பார்ட். ‘மேஷ்’ தொடரைத் தொலைக்காட்சிக்கு உருவாக்கியவர். ஏபிசிக்குத் திருப்தியில்லை. எழுத்தாளர்களை மாற்றி இன்னொன்று, அதிலும் குறை என்று மூன்றாவது ஒன்று. இந்த மூன்று முயற்சிகளிலும் இரண்டு பெண் பாத்திரங்களுக்கும் நடிகைகள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஜாய்ஸ் டீவிட் இரண்டாவதில்தான் வந்தார், சுசான் சோமர்ஸ் மூன்றாவதில். மாறாமல் மூன்றிலும் இருந்தவர்கள் மூன்றே பேர்: நாயகன் ஜான் ரிட்டர், கீழ்வீட்டு நார்மன் ஃபெல், ஆட்ரா லிண்ட்லி. அந்தத் தொடருக்கு அஸ்திவாரம் என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால், கீழ்வீட்டைத்தான் சொல்லுவேன்.

‘த்ரீஸ் கம்பெனி’ என்ற பெயரில் 1977 மார்ச் 15 அன்று அது ஒளிபரப்பானது. கதை கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகாவுக்குப் போயிருந்தது. ஜார்ஜ் ஸ்டான்லி ஆகிவிட்டார், மில்ட்ரெட் ஹெலன் ஆகிவிட்டார். ரோப்பர் என்ற குடும்பப்பெயர் மட்டும் கப்பலேறி வந்தது. தயாரித்தவர்கள் டான் நிக்கோல், மைக்கேல் ராஸ், பெர்னி வெஸ்ட் என்ற மூவர்.

ஃபெல்லும் லிண்ட்லியும் ஆங்கிலேய நடிகர்களைப் போலச் செய்து காட்டவில்லை, புதிதாகவே செய்தார்கள். தொளதொள கஃப்தான் அங்கி, கழுத்து நிறைய மணிமாலை, சுருள்சுருளான செம்பட்டை முடி. லிண்ட்லி உள்ளே வரும்போதே அறையின் நிறம் மாறிவிடும். ஃபெல்லுக்கு இன்னொரு வித்தை. ஹெலன் ஆசையோடு ஏதாவது சொல்லுவாள். ஸ்டான்லி அதை வெட்டிப் பதில் சொல்லுவார். சொல்லிவிட்டு நேராக கேமராவைப் பார்த்து, உதட்டை விரித்து, ‘எப்படி?’ என்று நம்மைக் கேட்பதுபோல ஒரு சிரிப்பு. தொடரில் வேறு யாருக்கும் அந்த உரிமை கிடையாது. பார்வையாளரோடு நேரடி உறவு வைத்திருந்த ஒரே ஆள் வீட்டுக்காரர்தான். 1978ஆம் ஆண்டின் நடிப்புக்காக அவருக்குத் துணை நடிகருக்கான கோல்டன் குளோப் விருது கிடைத்தது.

நகைச்சுவைத் தொடரில் வீட்டுக்காரர் எதற்காக இருக்கிறார்? அவர் கதவைத் தட்டினால் உள்ளே மூன்று பேர் பதற வேண்டும். ரிட்டர் நடித்த ஜாக் தன் உடல்மொழியை மாற்ற வேண்டும், மறைக்க வேண்டியதை மறைக்க வேண்டும், வாடகை பாக்கிக்குச் சாக்கு தேட வேண்டும். உள்ளே ஒரு ரகசியம் இருக்கிறது; வெளியே அதைத் தெரிந்துகொள்ளக் கூடாத ஒருவர் இருக்கிறார். ஹெலனின் இடம் இன்னும் நுட்பமானது. ஜாக்கைப் பற்றிய உண்மை அவளுக்குத் தெரியும். தெரிந்தே கணவனிடம் சொல்லாமல் வைத்திருக்கிறாள். மாடிக்கு அவள் தோழி, கீழ்வீட்டுக்கு அவள் மனைவி. இரண்டுக்கும் நடுவில் அவள் காப்பாற்றும் மௌனத்தில்தான் அந்தக் கட்டடமே நின்றது. தம்பதியைப் பெயர்த்தெடுத்தால் இதெல்லாம் என்னவாகும் என்ற கேள்வியை அன்று நிறுவனத்தில் யாராவது கேட்டிருக்க வேண்டும்.

கேட்காமல் போனதற்குக் காரணம் உண்டு. அந்த நாட்களில் கிளைத்தொடர் என்றாலே காசு. ஃப்ரெட் சில்வர்மன் என்ற நிர்வாகி முதலில் சிபிஎஸ்ஸில், பிறகு ஏபிசியில், இந்த வழக்கத்தைத் தொழிலாகவே வளர்த்திருந்தார். ‘ஹேப்பி டேஸ்’ தொடரில் விருந்தாளிகளாக வந்த இரண்டு பெண்களை வைத்து ‘லவர்ன் அண்ட் ஷெர்லி’. அதே தொடரில் ஒரு பகுதியில் வந்த வேற்றுக்கிரகவாசியை வைத்து ‘மார்க் அண்ட் மிண்டி’. 1978–79 பருவத்தின் பார்வையாளர் பட்டியலில் முதல் இடம் ‘லவர்ன் அண்ட் ஷெர்லி’க்கு, இரண்டாம் இடம் ‘த்ரீஸ் கம்பெனி’க்கு, மூன்றாம் இடத்தை ‘மார்க் அண்ட் மிண்டி’யும் ‘ஹேப்பி டேஸும்’ பகிர்ந்துகொண்டன. எல்லாமே ஏபிசி. சில்வர்மன் 1978இல் என்பிசிக்குப் போய்விட்டாலும் அவர் போட்ட பாதை அப்படியே இருந்தது.

தயாரிப்பாளர்களிடம் இதைவிடப் பெரிய சான்று ஒன்று இருந்தது. நிக்கோல், ராஸ், வெஸ்ட் மூவரும் முன்பே ‘தி ஜெஃபர்சன்ஸ்’ தொடரை உருவாக்கியவர்கள். அதுவும் கிளைத்தொடர்தான். ‘ஆல் இன் தி ஃபேமிலி’யில் பக்கத்து வீட்டில் இருந்த கறுப்பினக் குடும்பம், சலவைக்கடைத் தொழிலில் சம்பாதித்து, மன்ஹாட்டனில் பணக்காரர்களின் அடுக்குமாடிக்குக் குடியேறுகிறது. 1975இல் தொடங்கி 1985 வரை 253 பகுதிகள் ஓடியது. பக்கத்து வீட்டுத் தம்பதி, வசதியான இடத்துக்குக் குடிபெயர்தல், அங்கே ஒட்டாமல் நிற்றல் என்று மேலோட்டமாகப் பார்த்தால் ரோப்பர் கதையும் அதே கதைதான். ஒருமுறை கைகொடுத்தது மறுமுறையும் கொடுக்கும் என்று அவர்கள் நம்பியதைக் குறை சொல்ல முடியாது.

நம்பாதவர் நார்மன் ஃபெல்.

அவருடைய தயக்கம் எனக்கு நன்றாகப் புரிகிறது. ஃபிலடெல்ஃபியாவில் 1924இல் பிறந்தவர். இரண்டாம் உலகப்போரில் விமானப்படையில் துப்பாக்கி வீரராக இருந்தவர். அதன் பிறகு சினிமாவிலும் தொலைக்காட்சியிலும் காலமெல்லாம் சின்னச் சின்ன வேடங்களில் வந்தவர். 1967இல் வந்த ‘தி கிராஜுவேட்’ படத்தில் பெர்க்லியில் டஸ்டின் ஹாஃப்மனுக்கு அறை வாடகைக்கு விட்டு, அவன் கலகக்காரனோ என்று சந்தேகப்படும் வீட்டுக்காரர் இவர்தான். இப்படிப்பட்ட நடிகருக்கு ஐம்பதைத் தாண்டிய வயதில், நாட்டிலேயே இரண்டாம் இடத்தில் இருக்கும் தொடரில் நிலையான இடம் கிடைத்திருக்கிறது. அதை விட்டுவிட்டு, தன் பாத்திரத்தின் பெயர் போட்ட தொடருக்குப் போ என்கிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது பதவி உயர்வு. அவருக்கு அது நன்றாக ஓடும் ரயிலிலிருந்து இறங்கு என்று சொல்வது.

ஆகவே அவர் ஒரு வாக்குறுதி கேட்டார். புதுத்தொடர் ஓராண்டுக்குள் நிறுத்தப்பட்டால், தானும் லிண்ட்லியும் ‘த்ரீஸ் கம்பெனி’க்கே திரும்பி வரலாம். ஒப்புக்கொண்டார்கள். அந்த ‘ஓராண்டு’ என்ற சொல் இந்தக் கதையில் மறுபடியும் வரும்.

லிண்ட்லிக்கு அப்போது வயது 60. ‘அனதர் வேர்ல்ட்’ என்ற நெடுந்தொடரிலும், மதம் கடந்து கல்யாணம் செய்துகொண்ட தம்பதியைப் பற்றிய ‘பிரிட்ஜெட் லவ்ஸ் பெர்னி’யிலும் நடித்தவர். அந்த வயதில் ஒரு நடிகையின் பாத்திரத்தைத் தலைப்பில் போட்டுத் தொடர் வருவது இன்றைக்கும் அபூர்வம்.

கதைப்படி ரோப்பர் தம்பதி சாண்டா மோனிகா கட்டடத்தை விற்றுவிட்டு, லாஸ் ஏஞ்சலீஸின் செவியட் ஹில்ஸ் பகுதியில் வரிசை வீடு ஒன்றுக்குப் போகிறார்கள். முகவரி 46, பீக்காக் டிரைவ். இங்கிலாந்தின் கதவெண்ணைக்கூட மாற்றவில்லை. பக்கத்து வீட்டு வீட்டுமனைத் தரகர் ஜெஃப்ரி ப்ரூக்ஸாக நடித்தவர் ஜெஃப்ரி டாம்போர். அவர் மனைவி ஆனாக பட்ரீஷியா மெக்கார்மக். இந்த மெக்கார்மக்தான் 1956இல் வந்த ‘தி பேட் சீட்’ படத்தில் கொலைகாரச் சிறுமியாக நடித்து ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டவர். அவர்களுடைய சின்ன மகன் டேவிட். ப்ரூக்ஸுக்கு ஸ்டான்லியின் வாசனையே ஆகாது. டேவிடுக்கு ஸ்டான்லி தாத்தா முறை மாதிரி.

முதல் ஆறு பகுதிகள் அந்த வசந்தத்தில், செவ்வாய் இரவு, ‘த்ரீஸ் கம்பெனி’ ஓடும் அதே நாளில் வந்தன. மாடிவீட்டுப் பிள்ளைகள் மூவரும் புது வீட்டுக்கு விருந்துக்கு வந்துபோனார்கள். அந்தப் பருவப் பட்டியலில் ‘தி ரோப்பர்ஸ்’ 8ஆம் இடம் பிடித்தது. எல்லோரும் மகிழ்ந்தார்கள். தாய்த்தொடரைப் பார்த்தவர்கள் எழுந்து அலைவரிசையை மாற்றாமல் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை, இந்தத் தொடருக்கே இவ்வளவு பேர் வருகிறார்கள் என்று நிறுவனம் எடுத்துக்கொண்டது. அங்கேதான் பிசகியது என்பது என் எண்ணம்.

1979 இலையுதிர் காலத்தில் ஏபிசி தன் வெற்றித் தொடர்களைப் பிரித்து, பலவீனமான இரவுகளில் நட்டுவைத்தது. ‘மார்க் அண்ட் மிண்டி’யை வியாழனிலிருந்து ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினார்கள், அது அடியோடு சரிந்தது. ‘தி ரோப்பர்ஸ்’ சனிக்கிழமை இரவு எட்டு மணிக்குப் போனது. எதிரே என்பிசியில் ‘சிப்ஸ்’. நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளில் பறக்கும் இரண்டு போலீஸ்காரர்கள். சனிக்கிழமை எட்டு மணிக்கு அமெரிக்க வீடுகளில் தொலைக்காட்சி பிள்ளைகள் கையில் இருக்கும். நடுவயதுத் தம்பதியின் படுக்கையறை ஏக்கத்தைப் பற்றிய சிரிப்பு, மோட்டார் சைக்கிளோடு மோதி என்ன செய்யும்? பார்வையாளர்கள் கரைந்துபோனார்கள். இரண்டாம் பருவத்தில் ஜென்னி என்ற இளம்பெண்ணை வாடகைக்குக் குடிவைத்துப் பார்த்தார்கள். பழைய மாடிவீட்டுக் கலகலப்பில் கொஞ்சமாவது திரும்ப வராதா என்ற முயற்சி அது என்பது பார்த்தாலே தெரிகிறது.

நேரத்தை மட்டும் குறை சொல்லி முடித்துவிட எனக்கு மனமில்லை. நல்ல நேரத்தில் வைத்திருந்தாலும் அந்தத் தொடர் எவ்வளவு தூரம் போயிருக்கும்? ஸ்டான்லி ஹெலனை வெட்டிப் பேசுவது, மூன்று இளைஞர்களின் அமளிக்கு நடுவே இரண்டு நிமிடம் வரும்போது சிரிப்பு. அவர்கள் கீழே போனதும் நாம் மாடிக்குத் திரும்பிவிடுவோம். கீழ்வீட்டில் மிச்ச இரவு எப்படிக் கழிந்தது என்று நாம் பார்ப்பதில்லை. கிளைத்தொடரில் அதைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. ஹெலன் காத்திருக்கிறாள், ஸ்டான்லி மறுக்கிறார், கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். அரை மணி நேரமும் இதுவே. வாரம் தவறாமல் இதுவே. லிண்ட்லி நல்ல நடிகை. அந்தக் காத்திருப்பை அவர் உண்மையாக நடித்தார். உண்மையாக நடித்ததனாலேயே அது வலித்தது.

மாடியில் ரகசியம் இருந்தபோது ஹெலனுக்கு ஒரு வேலை இருந்தது, ஒரு வலிமை இருந்தது. கணவனுக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரியும். புது வீட்டில் காப்பாற்ற எந்த ரகசியமும் இல்லை. ஸ்டான்லிக்கும் அப்படித்தான். தட்டுவதற்குக் கதவு இல்லை. அவர் வருகிறார் என்று பதற ஆளில்லை. வீட்டுக்காரர் என்ற அதிகாரத்தை விற்றுவிட்டு வந்த மனிதர், வெறும் கஞ்சத்தனமான கணவராக மிஞ்சினார்.

மில்ட்ரெட்டுக்கு இந்தக் கதி வரவில்லை. ஹாம்ப்டன் விக்கில் அவளுக்கு வர்க்கம் என்ற போராட்டம் இருந்தது. அதை ஆங்கில ரசிகர்கள் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டில் அறிந்திருந்தார்கள். செவியட் ஹில்ஸில் அதே நாடகத்தை நடத்தியபோது, ப்ரூக்ஸின் கவலை பெரும்பாலும் வீட்டு விலை குறைந்துவிடுமே என்பதாகச் சுருங்கியது. ஜார்ஜ் ஜெஃபர்சனுக்கோ மன்ஹாட்டன் மாடியில் நின்று அமெரிக்கத் தொலைக்காட்சி அதுவரை கேட்டிராத குரலில் பேச விஷயம் இருந்தது. ‘சியர்ஸ்’ தொடரின் மதுக்கடையில் மூலையில் உட்கார்ந்திருந்த மனநல மருத்துவர் ஃப்ரேசியர், பிறகு தன் பெயரில் 11 ஆண்டுகள் வாழ்ந்தார் என்றால், எழுதியவர்கள் அவரை பாஸ்டனிலிருந்து சியாட்டிலுக்கு அழைத்துப்போய், ஓய்வுபெற்ற போலீஸ்காரத் தகப்பனையும் தம்பியையும் கொடுத்து, அவருக்குள் இருந்த பிள்ளையை வெளியே எடுத்ததுதான் காரணம். ரோப்பர் தம்பதிக்குக் கிடைத்தது புது வீடு. புது வாழ்க்கை கிடைக்கவில்லை.

கிடைத்திருக்கலாம் என்பதற்கான அடையாளம் தொடருக்குள்ளேயே இருக்கிறது. ஸ்டான்லியும் சிறுவன் டேவிடும் சேர்ந்து வரும் காட்சிகளைப் பாருங்கள். ஃபெல்லின் முகம் இளகிவிடுகிறது. மனைவியிடம் காட்டத் தெரியாத கனிவைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் காட்டத் தெரிந்த மனிதர். அங்கிருந்து ஒரு நல்ல தொடரே எழுதியிருக்க முடியும். அதை ஹெலன் ஜன்னலிலிருந்து பார்க்கிறாள் என்று வைத்தாலே போதும். ஒரு பருவத்துக்கு இருபதுக்கு மேல் பகுதிகள் என்று ஓடும் அமெரிக்க வேகத்தில் அதற்கு யாரும் நிற்கவில்லை.

இதற்கிடையில் பழைய வீடும் சும்மா இருக்கவில்லை. ஸ்டான்லியிடமிருந்து கட்டடத்தை வாங்கியவர், அதைப் பார்த்துக்கொள்ளத் தன் சகோதரர் ரால்ஃப் ஃபர்லியை அமர்த்துகிறார். ரால்ஃபாக வந்தவர் டான் நாட்ஸ். ‘தி ஆண்டி கிரிஃபித் ஷோ’வில் நடுங்கும் துணை ஷெரிஃபாக நடித்து ஐந்து எம்மி விருதுகள் வாங்கியவர். வண்ண வண்ண உடையில், பிதுங்கும் கண்களோடு அவர் கதவைத் தட்டியதும் ரசிகர்கள் ஏற்றுக்கொண்டார்கள். பழைய ரகசியம் அப்படியே தொடர்ந்தது. ஏமாற வேண்டிய ஆள் மட்டும் மாறினார். இரண்டு பேர் பார்த்த வேலையை ஒருவர் பார்த்தார், இரண்டு சம்பளத்துக்கு ஒரு சம்பளம். 1984இல் ‘த்ரீஸ் கம்பெனி’ முடியும்வரை நாட்ஸ் அங்கேயே இருந்தார்.

‘தி ரோப்பர்ஸ்’ 1980 மே 22, வியாழக்கிழமை இரவோடு நின்றது. தொடங்கிய நாளிலிருந்து கணக்கிட்டால் ஓராண்டும் இரண்டு மாதமும். வாக்குறுதி காலாவதியாகியிருந்தது. நிறுத்துவது என்ற முடிவு முன்பே எடுக்கப்பட்டது, தன்னைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் கடமை தீரட்டும் என்றுதான் ஓராண்டு தாண்டும்வரை தள்ளிப்போட்டார்கள் என்று ஃபெல் பிற்காலத்தில் நம்பினார். அந்த நம்பிக்கை சரியா என்று தீர்ப்புச் சொல்ல நமக்கு ஆதாரமில்லை. அவர் நிலையில் யார் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். கேட்ட உத்தரவாதத்தை எழுத்தில் வாங்கியும், போன வேலையும் இல்லாமல் விட்ட வேலையும் இல்லாமல் நின்ற மனிதரின் கசப்பு அது. அதை நான் மதிக்கிறேன்.

அதே 1980 கடல் தாண்டியும் கொடியதாக இருந்தது. ஜூலையில் டான் நிக்கோல் இறந்தார். ஆகஸ்ட் 24 அன்று லண்டனில் யூத்தா ஜாய்ஸ் கல்லீரல் செயலிழந்து இறந்தார். 53 வயது முடிந்து நான்கு நாள். ஆண்டுக்கணக்காக அளவுக்கு மீறிக் குடித்துவந்தது விசாரணையில்தான் வெளியே வந்தது. அடுத்த பருவத்துக்கான ஏற்பாடுகள் அத்தோடு நின்றன. மில்ட்ரெட் இல்லாமல் ஜார்ஜ் இல்லை என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ரோப்பர் என்ற பெயருக்கு இரண்டு நாடுகளிலும் ஒரே கோடையில் கதவு சாத்தப்பட்டது. பிரையன் மர்ஃபி அதன் பிறகும் நெடுங்காலம் நடித்து, 2025 பிப்ரவரியில் தன் 92ஆம் வயதில் காலமானார்.

ஃபெல்லும் லிண்ட்லியும் 1981இல் ஒரே ஒரு முறை ‘த்ரீஸ் கம்பெனி’க்கு விருந்தாளிகளாக வந்தார்கள். டாம்போர் அதே தாய்த்தொடரில் வேறு வேறு வேடங்களில் தலைகாட்டி, பின்னாளில் ‘தி லாரி சாண்டர்ஸ் ஷோ’வில் பெரும் பெயர் எடுத்தார். 1984இல் ஏபிசி நாயகனையே கிளையாக நட்டுப் பார்த்தது. ‘ராபின்ஸ் நெஸ்ட்’டைத் தழுவிய ‘த்ரீஸ் எ கிரௌட்’, ஜான் ரிட்டரே இருந்தும், 22 பகுதிகளில் முடிந்தது. லண்டனில் ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும் பிழைத்தார்கள். லாஸ் ஏஞ்சலீஸில் தாய் மட்டும்.

28 பகுதிகள் என்பது மறுஒளிபரப்பு வியாபாரத்துக்குப் போதாத சரக்கு. தினமும் ஒன்றாக ஓட்ட நூறாவது இருந்தால்தான் உள்ளூர் நிலையங்கள் வாங்கும். அதனால் ‘தி ரோப்பர்ஸ்’ஸை ‘த்ரீஸ் கம்பெனி’ மூட்டையோடு சேர்த்து, ‘த்ரீஸ் கம்பெனியின் நண்பர்கள், ரோப்பர் தம்பதி’ என்று பொருள்படும் தலைப்பில் அனுப்பினார்கள். அந்த வழியாகத்தான் அடுத்த தலைமுறைப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்த மாலைகளில் ஹெலனைப் பார்த்து வளர்ந்தார்கள். லிண்ட்லி 1997இலும் ஃபெல் 1998இலும் மறைந்தார்கள்.

2013இல் நியூ ஆர்லியன்ஸ் நகரில், ஆண்டுதோறும் நடக்கும் ‘சதர்ன் டெகடன்ஸ்’ என்ற ஓரினச்சேர்க்கையாளர் திருவிழாவில், ஒரு கூட்டம் கஃப்தான் அங்கி, சுருள் செம்பட்டை விக், கனத்த மணிமாலை என்று அத்தனை பேரும் ஹெலன் ரோப்பராக வேடம் கட்டி வந்தார்கள். அது பரவி, அமெரிக்காவில் ஊருக்கு ஊர் ‘மிஸஸ் ரோப்பர் ரோம்ப்’ என்ற பெயரில் நடக்கிறது. நடுவயதுப் பெண்கள் பெரும் கூட்டமாக வருகிறார்கள், ஆண்களும் அங்கி போட்டுக்கொண்டு வருகிறார்கள். நன்கொடை திரட்டுகிறவர்களும் உண்டு. ஜாக்கைப் பற்றிய பொய்யை நம்பி நடந்த தொடரில், உண்மையைத் தெரிந்தும் யாரையும் காட்டிக்கொடுக்காமல் இருந்த ஒரே பெரியவள் அவள். அந்தக் கூட்டம் முதலில் அவளைத் தேர்ந்தெடுத்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. அரை மணி நேரத் தொடரில் எழுத்தாளர்கள் அவளுக்குத் தேடிக் கொடுக்காத கொண்டாட்டத்தை, அவளைப் பார்த்து வளர்ந்தவர்கள் தாங்களே செய்துகொண்டு, தெருவை அடைத்து, சத்தமாகச் சிரித்துக்கொண்டு போகிறார்கள்.